ஒரே ஊரில் மூன்று ஜெட்கள்: நடுத்தர பிசினஸ் ஜெட்டின் குணத்தை இறக்கை எப்படி முடிவு செய்கிறது

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருக்கும் விச்சிட்டா, விமானம் செய்யும் ஊர். செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட் என்ற மூன்று பெயர்களும் அந்த ஊரோடு பிணைந்தவை. 2000-களின் நடுவில், எட்டுப் பேர் வசதியாக உட்காரக்கூடிய நடுத்தர பிசினஸ் ஜெட் வாங்க நினைத்த ஒருவர், அந்த ஊரின் எல்லையைத் தாண்டாமலே மூன்று விமானங்களைப் பார்த்திருக்கலாம்: லியர்ஜெட் 60, ஹாக்கர் 800எக்ஸ்பி, செஸ்னாவின் சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ். மூன்றுக்கும் இரண்டு என்ஜின். உள்ளே நிற்கும் உயரம் மூன்றிலும் 5 அடி 8 அங்குலமோ 9 அங்குலமோதான். விளம்பரத் தாளை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் விமானியின் இருக்கையில் இவை மூன்றும் மூன்று வேறு பிராணிகள். வாங்க வருபவர்கள் முதலில் வேகத்தைக் கேட்கிறார்கள், அப்புறம் தூரத்தை. முதலில் பார்க்க வேண்டியது இறக்கையை என்பது என் கருத்து. வேகம், தூரம், ஓடுபாதை நீளம், குலுங்கல், கடைசி நிமிடத்தில் தப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் எல்லாமே அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. எக்ஸ்எல்எஸ்ஸின் எடை சுமார் 9,160 கிலோ, இறக்கை 34 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக, ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்குவது சுமார் 267 கிலோ. ஹாக்கருக்கும் ஏறக்குறைய அதே அளவு இறக்கைதான், ஆனால் எடை 12,700 கிலோ. சுமை 366 கிலோவாகிறது. லியர்ஜெட் 60-இன் இறக்கை 24.6 சதுர மீட்டர் மட்டுமே. அது தூக்குவதோ 10,660 கிலோ. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு 433 கிலோ விழுகிறது.

சுமை கூடினால் விமானம் காற்றில் நிற்பதற்கே அதிக வேகம் வேண்டும். அந்தக் குறைந்தபட்ச வேகம் சுமையின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. இரண்டு இறக்கைகளும் ஒரே திறனுடன் தூக்குகின்றன என்று வைத்துக்கொண்டால், லியர்ஜெட் 60-க்கு எக்ஸ்எல்எஸ்ஸைவிட 27 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. புறப்பாட்டை நடுவில் கைவிட்டு நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்குகள் தின்று தீர்க்க வேண்டிய ஆற்றல், எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடல்மட்டத்தில், மிதமான வெப்பத்தில், முழு எடையுடன் புறப்பட எக்ஸ்எல்எஸ் கேட்கும் ஓடுபாதை 3,560 அடி. ஹாக்கர் 5,030 அடி. லியர்ஜெட் 60-க்கு 5,450 அடி. லியர்ஜெட்டின் என்ஜின் ஒன்றும் பலவீனமானது இல்லை. பக்கத்துக்கு 4,600 பவுண்டு உந்துவிசை தரும் பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ305ஏ அது. எடையோடு ஒப்பிட்டால் ஹாக்கரைவிட லியர்ஜெட்டுக்குத்தான் பலம் அதிகம். தரையில் அது நீளமாக ஓடுவதற்குக் காரணம் இறக்கை.

சரி, இவ்வளவு சின்ன இறக்கையை ஏன் வைத்தார்கள்? மேலே போனதும் அதற்கு விடை கிடைக்கும். சின்ன இறக்கைக்குக் காற்றின் இழுவை குறைவு. லியர்ஜெட் 60 புறப்பட்டதும், இருபது நிமிடத்துக்குள், இடையில் நின்று இளைப்பாறாமல் 40,000 அடியைத் தாண்டிவிடும். சான்றளிக்கப்பட்ட உச்ச உயரம் 51,000 அடி. பயணிகள் விமானங்கள் 35,000 அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டிப் போகும்போது இது அவற்றுக்கு மேலே, புயல் மேகங்களின் தலைக்கு மேலே, நேர்ப்பாதையில் போகலாம். சுமை அதிகமான இறக்கைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. திடீர்க் காற்று தாக்கும்போது அது குறைவாகவே எகிறும். அதே காற்றில் எக்ஸ்எல்எஸ் பயணியின் காப்பி தளும்பும். லியர்ஜெட் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்விடும்.

51,000 அடி என்ற எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அந்த உயரத்தில் காற்று மிக மெலிது. விமானம் தூக்குவிசையை இழக்கும் வேகமும், மாக் எண் (ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வரம்பைத் தொடும் வேகமும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும். நடுவில் மிஞ்சும் இடைவெளியில்தான் விமானி பறந்தாக வேண்டும். எரிபொருள் நிறைய இருக்கும்போது அந்த உயரத்துக்குப் போகவே முடியாது. பாதிக்கு மேல் எரித்து, எடை குறைந்த பிறகுதான் அது சாத்தியம்.

லியர்ஜெட் 60-இன் இறக்கைக் கணக்கு தரையில் எவ்வளவு கறாரானது என்பதை 2008 செப்டம்பர் 19 இரவு தென் கரோலினாவின் கொலம்பியா விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. கலிஃபோர்னியாவின் வான் நைஸுக்குக் கிளம்பிய விமானம். 8,601 அடி ஓடுபாதை, இந்த வகுப்புக்குத் தாராளம். ஒவ்வொரு புறப்பாட்டிலும் வி-1 என்று ஒரு வேகம் குறித்து வைத்திருப்பார்கள். அதுவரை நிறுத்தலாம், அதைத் தாண்டிவிட்டால் பறந்தே ஆக வேண்டும். அந்த வேகத்தை எட்டும் நேரத்தில் டயர்கள் வெடிக்கத் தொடங்கின. வி-1ஐத் தாண்டிய பிறகு கேப்டன் புறப்பாட்டைக் கைவிட்டார். சிதறிய டயர்த் துண்டுகள் சக்கரப் பகுதியில் இருந்த ஹைட்ராலிக் குழாய்களையும், விமானம் தரையில் இருக்கிறதா வானில் இருக்கிறதா என்று சொல்லும் உணரியையும் சேதப்படுத்தின. வானில் இருப்பதாக நினைத்துக்கொண்ட கட்டுப்பாட்டு அமைப்பு, என்ஜினின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி விமானத்தை நிறுத்த உதவும் எதிர்உந்து அமைப்பை மூடிவிட்டது. விமானிகள் எதிர்உந்துவிசை கேட்டு லீவரை இழுத்துப் பிடித்திருக்க, என்ஜின்கள் விமானத்தை முன்னோக்கித் தள்ளின. ஓடுபாதை முடிந்து, வேலியை உடைத்து, சாலையைக் கடந்து மண்மேட்டில் மோதியது. ஆறு பேரில் நால்வர் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வெளிவந்த ஆரம்பக் காரணம் டயர்களில் காற்றழுத்தம் குறைந்திருந்தது. சுமார் மூன்று வாரங்களாக யாரும் அழுத்தத்தைச் சோதிக்கவில்லை. இந்த டயர்கள் ஒரு நாளைக்கு 2 சதவீதம் வரை அழுத்தம் இழக்கக்கூடியவை. சின்னச் சக்கரங்கள், கனத்த சுமை, உயர்ந்த புறப்பாட்டு வேகம்: இந்தச் சேர்க்கையில் கண்ணுக்குத் தெரியாத அழுத்தக் குறைவே டயரைச் சூடாக்கிக் கொல்லப் போதும். வேகமான விமானத்தை வைத்திருப்பவர் தினசரிப் பராமரிப்பில் தர வேண்டிய விலை இது. விளம்பரத் தாளில் இதற்குத் தனி வரி கிடையாது.

ஹாக்கரின் கதை வேறு. அதன் வேர் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் 125. 1962 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. 1993-இல் பீச்கிராஃப்டின் உரிமையாளரான ரேதியான் அந்த வணிகத்தை வாங்கிய பின் தயாரிப்பு மெல்ல விச்சிட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. என்ஜின் மாறியது, உடல் நீண்டது, காக்பிட்டில் திரைகள் வந்தன. ஆனால் கனமான, அகன்ற, லேசாகப் பின்சாய்ந்த இறக்கையின் குணம் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது. ஹாக்கர் ஓட்டிய விமானிகளிடம் கேட்டால் 'திடமானது' என்பார்கள். கட்டுப்பாடுகளைக் கையால் நகர்த்த நிஜமாகவே பலம் வேண்டும். திருப்பச் சொன்னால் யோசித்துத் திரும்பும், ஆனால் திரும்பியபின் அப்படியே நிற்கும். முழு எடையில் மேலே ஏறும்போது முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் மூச்சு வாங்கும். வெப்பமான நாளில் இடையில் ஒரு உயரத்தில் நிறுத்தி எரிபொருள் எரித்து, அப்புறம் அடுத்த படி ஏற வேண்டியிருக்கும். உச்சம் 41,000 அடி.

பனி உறையும் மேகத்துக்குள் அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறையும் தனி. மற்ற இரண்டும் என்ஜினின் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்கு அனுப்பிப் பனியை உருக்குகின்றன. ஹாக்கரின் முன்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே பனி உறையாமல் தடுக்கும் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த திரவம் கசிந்து இறக்கை மேல் படரும். என்ஜினின் பலத்தைத் தின்னாது என்பது இதன் நன்மை. தொட்டியில் திரவம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது என்பது இதன் மறுபக்கம்.

தரையிறங்கும்போது ஹாக்கர் வேறொரு வித்தை காட்டும். சக்கரங்கள் தரை தொட்டதும் விமானி ஏர்பிரேக் லீவரைத் தூக்கி ஒரு தடையைத் தாண்டிப் பின்னால் இழுப்பார். உடனே ஃபிளாப்கள், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகைகள், 45 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்கு, ஏறக்குறைய செங்குத்தாக, இறங்கும். மேலே ஏர்பிரேக்குகள் முழுதாகத் திறக்கும். இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். எடை முழுக்கச் சக்கரத்தின் மேல் உட்கார, பிரேக் பிடிக்கும். இதற்கு 'லிஃப்ட் டம்ப்' என்று பெயர். அருமையான ஏற்பாடு. ஆனால் இழுத்துவிட்டால் அந்த விமானம் இனிப் பறக்கும் பொருளாக இல்லை என்பதை விமானியின் மனமும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

2008 ஜூலை 31 அன்று மினசோட்டாவின் ஓவடோனாவில் அது நடக்கவில்லை. 5,500 அடி ஓடுபாதை, மழை ஈரம், பின்னாலிருந்து காற்று. ஹாக்கர் 800 தரை தொட்டது. லிஃப்ட் டம்ப் தாமதமாக வந்தது. விமானம் நினைத்தபடி வேகம் குறையவில்லை என்று கண்ட கேப்டன், ஓடுபாதையின் பெரும்பகுதி தீர்ந்த பிறகு, மறுபடி மேலெழும்ப முயன்றார். இறக்கை தயாராக இல்லை. எட்டுப் பேரும் இறந்தார்கள். தரையிலேயே இருந்திருந்தால் விமானம் குறைந்த வேகத்தில் ஓடுபாதை முனையைத் தாண்டி, அங்கே இருந்த பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே நின்றிருக்கும் என்று விசாரணை கணக்கிட்டது. லிஃப்ட் டம்ப்பை இழுத்த பிறகு திரும்ப எழும்பக்கூடாது என்ற தெளிவான விதி பயிற்சியிலும் கையேட்டிலும் வேண்டும் என்பதே இந்த விபத்தைப் படிக்கும் எவருக்கும் உறைக்கும்.

எக்ஸ்எல்எஸ் பற்றிச் சொல்ல இத்தனை இல்லை. அதுவே அதன் பெருமை. அகலமான நேர் இறக்கை, தரையை மென்மையாகத் தொடவைக்கும் பின்தொடர் நெம்புகோல் வகை லேண்டிங் கியர், கேபிள் இழுப்பில் இயங்கும் எளிய கட்டுப்பாடுகள். மெதுவாக வந்து மெதுவாக இறங்கும். வரம்பு மாக் 0.75 மட்டுமே, ஹாக்கருக்கு 0.80, லியர்ஜெட்டுக்கு 0.81. இந்த வித்தியாசத்தைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு சாதாரணப் பயணத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். 600 கடல் மைல், அதாவது சுமார் 1,100 கிலோமீட்டர். 430 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 84 நிமிடம். 460 நாட்டில் 78 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சம். எக்ஸ்எல்எஸ்ஸோ நகரத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓடுபாதையில் இறங்கி, காரில் போகும் நேரத்தில் அதைவிட அதிகமாக மிச்சப்படுத்தும். முன்னோடியான எக்செல்லையும் சேர்த்து எக்ஸ்எல்எஸ் குடும்பம் ஆயிரத்துக்கும் மேல் விற்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்தது தூரம். விளம்பரத் தாளில் உள்ள தூரம் பெரும்பாலும் நான்கு பயணிகள், சிக்கன வேகம், காற்றில்லாத வானம், மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருள் இருப்பு என்ற நிபந்தனைகளோடு போட்ட கணக்கு. காற்றில்லாத வானம் என்று ஒன்று கிடையாது. நியூயார்க் பக்கத்து டெட்டர்பரோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து வான் நைஸ் ஏறத்தாழ 2,140 கடல் மைல். ஹாக்கர் 800எக்ஸ்பியின் தூரம் சுமார் 2,500 என்பார்கள். தாளில் தாராளமாகப் போகும். சிக்கன வேகத்தை 400 நாட் என்று கொண்டால் அந்த எரிபொருள் சுமார் ஆறேகால் மணி நேரத்துக்கு வரும். குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது சராசரியாக 100 நாட் எதிர்க்காற்று அடித்தால் தரை வேகம் 300. ஆறேகால் மணியில் 1,875 கடல் மைல்தான். நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போட வேண்டும். இறங்கி ஏறுவதில் ஒரு மணி நேரம் போய்விடும். வேகத்தில் சம்பாதித்ததெல்லாம் அங்கே கரைந்தது.

இந்தக் கடற்கரைக்குக் கடற்கரைப் பயணத்தை எந்தக் காற்றிலும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற தேவைதான் 'சூப்பர் மிட்சைஸ்' என்ற அடுத்த படியை உருவாக்கியது. பொம்பார்டியர் சேலஞ்சர் 300 முதலில் பறந்தது 2001-இல். சேவைக்கு வந்தது 2004-இல். சுமார் 3,100 கடல் மைல் தூரம், 459 நாட் வேகம். மேலே சொன்ன அதே எதிர்க்காற்றில் அது 2,400-க்கு மேல் போகும். வான் நைஸில் இறங்கும்போது கையிருப்பும் இருக்கும். கவனிக்க வேண்டியது, அதன் இறக்கைச் சுமை சுமார் 363 கிலோ, ஹாக்கருடையதை ஒட்டியது. ஆனால் என்ஜின் ஒவ்வொன்றும் 6,826 பவுண்டு தள்ளுகிறது. ஹாக்கரிடம் இருந்த நிதானத்தை வைத்துக்கொண்டு, அதற்கு இல்லாத மூச்சைக் கொடுத்தார்கள் என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

வேகம் பற்றிய வாதத்தைத் தீர்த்து வைத்தது செஸ்னாவே. 1996-இல் சான்று பெற்ற சைட்டேஷன் எக்ஸ், 37 டிகிரி பின்சாய்ந்த இறக்கையோடு மாக் 0.92 வரை போகும். பின்னால் வந்த எக்ஸ் பிளஸ் 0.935. முதல் விமானத்தை வாங்கியவர் கோல்ஃப் வீரர் ஆர்னால்ட் பால்மர். பொறியியலாக அது ஒரு சாதனை, அமெரிக்க விமானத்துறையின் கோலியர் விருதும் அந்த ஆண்டு அதற்கே. இப்போது கணக்கு: 2,140 கடல் மைலை 525 நாட்டில் கடக்க 4 மணி 5 நிமிடம், 459 நாட்டில் 4 மணி 40 நிமிடம். முப்பத்தைந்து நிமிடத்துக்காகக் கூடுதல் எரிபொருள், நீளமான ஓடுபாதை, குனிந்து நடக்கும் கேபின். 2015-இல் சான்று பெற்ற அதே செஸ்னாவின் லாட்டிட்யூட் இதற்கு நேர் எதிர். இறக்கைச் சுமை 277 கிலோ, எக்ஸ்எல்எஸ்ஸுக்குப் பக்கத்தில். வேகம் 446 நாட். ஆனால் புறப்பட 3,580 அடி போதும். தரை சமதளம், ஆறடி உயரம், 45,000 அடியில் பறக்கும்போதும் கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 அடிக்கும் குறைவான உயரத்தில் இருப்பதைப்போலத்தான். பங்குமுறையில் விமானம் இயக்கும் நெட்ஜெட்ஸ் இதைக் கூட்டம் கூட்டமாக வாங்கியது. சைட்டேஷன் எக்ஸின் தயாரிப்பு 2018-இல் நின்றது. நின்றபோது எனக்கு வருத்தம்தான். ஆனால் வாங்கியவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

விமானியின் கைக்கு வருவோம். இந்த வகுப்பில் கடைசியாக நடந்த பெரிய மாற்றம் எம்ப்ரேயர் கொண்டுவந்தது. 2012-இல் பறந்த லெகஸி 500-இலும், 2018-இல் அறிவிக்கப்பட்ட பிரேட்டர் 500, 600 இரண்டிலும் கட்டுப்பாடு முழுக்க மின்சமிக்ஞை வழியே நடக்கிறது. முன்னால் இருந்த யோக் என்ற திருப்புச் சக்கரம் போய், பக்கவாட்டில் ஒரு சிறு கைப்பிடி. விமானி மூக்கை ஒரு கோணத்தில் வைத்துக் கைப்பிடியை விட்டால் விமானம் அந்தப் பாதையிலேயே போகும்; வேகம் மாறும்போது மூக்கின் கோணத்தைச் சமன்படுத்தும் ட்ரிம் சக்கரத்தைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இழுத்துப் பிடித்தாலும் தூக்குவிசை இழக்கும் எல்லையைத் தாண்ட விடாது. காற்று எகிற வைக்கும்போது கணினி கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைத்து அந்த எகிறலை மட்டுப்படுத்துகிறது. இறக்கைச் சுமையை ஏற்றித்தான் மென்மையான பயணம் வாங்க வேண்டும் என்ற பழைய பேரத்தை இது ஓரளவு தளர்த்திவிட்டது. பிரேட்டர் 600 நாலாயிரம் கடல் மைல் போகிறது, புறப்பட 4,717 அடி கேட்கிறது. லியர்ஜெட் 60-ஐவிடக் குறைவு, எடையோ அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கையில் உணரும் அழுத்தம் போய்விட்டதே என்று பழைய விமானிகள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஹாக்கரில் வேகம் குறைவது கைக்குத் தெரியும். பக்கக் கைப்பிடியில் அது திரையைப் பார்த்துத்தான் தெரியும். ஆனாலும் நான் கணினியின் பக்கமே சாய்வேன். பிசினஸ் ஜெட் விமானிகள் தினமும் ஒரே ஊருக்குப் போகிறவர்கள் அல்ல. நள்ளிரவில், மழையில், முன்பின் பார்த்திராத ஓடுபாதைக்குப் போகிறவர்கள். களைப்பான கைக்குக் கீழே ஒரு தடுப்பு இருப்பது நல்லது.

பழைய லியர்ஜெட் 60-களும் ஹாக்கர்களும் இன்னும் நிறையப் பறக்கின்றன, மலிவாகவும் கிடைக்கின்றன. ஹாக்கர் தயாரிப்பு அதன் நிறுவனத்தின் 2012 திவாலோடு நின்றது, கடைசி லியர்ஜெட் 2022 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டது. வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர்கள் விற்பவரிடம் அதிகபட்ச வேகத்தைக் கேட்க வேண்டாம். கொலராடோவின் ஆஸ்பென் போன்ற ஓர் ஊரை வைத்துக் கேளுங்கள். அந்த ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 7,800 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. நீளம் 8,006 அடி. கோடையில் 30 டிகிரி வெப்பத்தில் அங்கிருக்கும் காற்று 11,000 அடிக்கு மேலே இருக்கும் காற்றைப்போல மெலிந்துவிடும். அந்த மதியத்தில், ஒரு என்ஜின் நின்றாலும் மலையைத் தாண்டி ஏற வேண்டும் என்ற விதியோடு, எத்தனை பேரையும் எவ்வளவு எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியும்? அப்புறம் இறக்கம்: வாடகை விமானம் பொதுவாக ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நிற்கும்படி கணக்குக் காட்ட வேண்டும், ஈரமானால் அதற்குமேல் 15 சதவீதம் கூட்ட வேண்டும். தாளில் 3,200 அடி என்று இருக்கும் இறக்க தூரம் இந்த விதிப்படி 5,300 அடியாகி, மழையில் 6,100-ஐத் தாண்டிவிடும். நீங்கள் போக நினைக்கும் ஊரின் ஓடுபாதை அதைவிடச் சின்னது என்றால், மழை நாளில் அந்த விமானம் உங்களை அங்கே இறக்காது.